கூலியைக் குறைத்தவனே உயிரின் ஈட்டையும் குறைக்கிறான்

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்குப் பகுதியில், நாச்சாரத்தையும் செர்லபள்ளியையும் ஒட்டிக் கிடப்பது மல்லாபூர் தொழிற்பேட்டை. சிறிதும் நடுத்தரமுமான ஆலைகள். ஒப்பந்தக்காரர்களின் வழியாக வந்து சேர்ந்த பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள். அவர்கள் பத்துப் பேராகத் தங்கும் ஓர் அறை வீடுகள். சில மாதங்களுக்கு முன் அங்கே நடந்த வாயிற்கூட்டம் ஒன்றுக்குத் தோழர்களுடன் சென்றிருந்தேன். பாதுகாப்பு உபகரணங்கள், எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி எனப் பேச்சு முடிந்தபோது, பின்வரிசையில் நின்ற ஓர் ஒடிசா இளைஞர் இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். கம்பெனிக்குள் செத்தால் எவ்வளவு கிடைக்கும், கேட்டுக்கு வெளியே லாரியில் அடிபட்டுச் செத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு உரிய விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை. விடை வெட்கக்கேடானது. ஆகவே அதைக் கணக்கோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞருக்கு வயது 30 என்றும், மாதக் கூலி 15,000 ரூபாய் என்றும், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பி வாழ்கிறார்கள் என்றும் கொள்வோம். அவர் சாலை விபத்தில் இறந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளைப் பின்பற்றிக் கணக்கிடும்: 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கு, 2017ஆம் ஆண்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்த பிரணய் சேத்தி வழக்கு. நிரந்தர வேலையில் இல்லாத, நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 15,000 என்பது 21,000 ஆகும். இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருப்பார் என்று, சார்ந்திருப்போர் நால்வராக இருக்கையில், கால் பங்கைக் கழிக்க வேண்டும்; 15,750 மிஞ்சும். ஆண்டுக்கு 1,89,000. 26 முதல் 30 வயது வரை உள்ளவர்க்குப் பெருக்கெண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய்.

அதே இளைஞர் ஆலைக்குள் எந்திரத்தில் சிக்கி இறந்தால், அவர் இஎஸ்ஐ திட்டத்தில் பதிவு செய்யப்படாதவராக இருப்பின், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கே பொருந்தும். மாதக் கூலியில் பாதி. அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். எதிர்கால உயர்வு இதில் இல்லை. சாலையில் இறந்ததற்குக் கிடைப்பதில் பாதி கூட இல்லை.

கேட்டுக்கு வெளியே 32 லட்சம். கேட்டுக்கு உள்ளே பதினைந்தரை லட்சம். ஒரே ஆள், ஒரே கூலி, ஒரே குடும்பம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கூலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2010ஆம் ஆண்டில் 8,000 ரூபாயாக வைக்கப்பட்ட அந்த வரம்பு பத்தாண்டுக் காலம் அசையாமல் கிடந்து, 2020 ஜனவரியில்தான் 15,000 ஆக்கப்பட்டது. ஒருவர் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் தேர்ந்த பற்றவைப்பாளராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் 15,000 ரூபாய்க்காரர்தான். சாலையில் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு 53,55,000 ரூபாய் வரும்; ஆலையில் இறந்தால் அதே 15,59,850. முதலாளியின் கூரைக்குக் கீழே நிகழும் மரணத்திற்கு அரசே தள்ளுபடி அளிக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் உண்டா? 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த அநீதியைக் களைந்திருக்கலாம். களையவில்லை. பாதிக் கூலியைக் காரணியால் பெருக்கும் பழைய முறையையே புதிய அட்டையிட்டு வைத்துக்கொண்டது. வணிகம் எளிதாக வேண்டும் என்போர்க்கு மரணமும் மலிவாகவே வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். கட்சி ஆவணங்களில் நிவாரணம், நட்டஈடு, இழப்பீடு, கருணைத் தொகை என்ற நான்கையும் மாற்றி மாற்றி எழுதி வருகிறோம். நானும் அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். ஈடு என்றால் சமம். இழந்ததற்குச் சமமாகத் திருப்பித் தருவது இழப்பீடு. அது கடன், வழக்காடி வசூலிக்கத் தக்கது. கருணைத் தொகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. நாளை அவர் மனம் மாறினால் கேட்க வழியில்லை. ஈடு என்ற சொல்லுக்கு அடகு என்ற பொருளும் தமிழில் உண்டென்பதை ஆலை வாயில்களில் நடக்கும் பேரங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

இனி அடிப்படைக்கு வருவோம். உரிமையியல் சட்டம் இழப்பை இரண்டாகப் பிரிக்கிறது. ரசீதையும் சம்பளச் சீட்டையும் கொண்டு அளக்கக்கூடிய பண இழப்பு ஒன்று: இழந்த வருமானம், மருத்துவச் செலவு, இனி வரவிருந்த ஊதியம். அளக்க முடியாத துயரம் மற்றொன்று. இந்தியாவில் இந்தப் பண இழப்புக் கணக்கின் வேர் 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தில் இருக்கிறது. தாராபுரத்திலிருந்து பழநிக்குச் சென்ற ஒரு பேருந்து 1947இல் புளியமரத்தில் மோதியதில் எழுந்த வழக்கை 1961இல் தீர்த்தபோது, இறந்தவரால் குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த பொருளையும், அவர் இறந்ததால் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த பொருளையும் தராசில் வைத்து மிச்சத்தைக் காண்பதே முறை என்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. கோபால்டு மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் நிற்பது அதுதான்.

இந்தத் தராசு நடுநிலையானது என்பார்கள். எண்ணுக்குச் சாதி இல்லை, வர்க்கம் இல்லை என்பார்கள். அந்த வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

தராசில் வைக்கப்படும் எடைக்கல் எது? இறந்தவரின் கூலி. அந்தக் கூலியை நிர்ணயித்தது யார்? தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கும் சந்தை; அந்தச் சந்தையில் பட்டினியை ஒரு பக்கமும் வேலையில்லாதோர் பட்டாளத்தை மறுபக்கமும் நிறுத்தி வைத்திருக்கும் மூலதனம். உழைப்புச் சக்தியின் விலையை நீதிமன்றம் உயிரின் விலையாக எடுத்துக்கொள்கிறது. வாழ்ந்தபோது சுரண்டியவன், இறந்தபின் அந்தச் சுரண்டலையே சான்றாகக் காட்டித் தள்ளுபடி கேட்கிறான். மல்லாபூர் இளைஞருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. சான்று இல்லையென்று தீர்ப்பாயம் அவருடைய வருமானத்தை மாதம் 8,000 என்று தோராயமாகக் கொண்டால், 32,13,000 என்ற எண் 17,13,600 ஆகச் சுருங்கிவிடும். பி.எஃப். கட்டாமல் தப்பிக்கவும், இஎஸ்ஐ கட்டாமல் தப்பிக்கவும் சீட்டுக் கொடுக்காத முதலாளியால், சாலையில் இறந்தவருடைய மனைவி ஏறத்தாழ 15 லட்சத்தை இழக்கிறாள். இலாபம் பெறுவது காப்பீட்டு நிறுவனம். சந்திரா எதிர் முகேஷ் குமார் யாதவ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், சம்பளச் சான்று இல்லாதபோது குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு ஓர் அளவுகோலாகலாம், ஆனால் அதுவே முடிந்த முடிபாகாது என்று கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் கீழே உள்ள தீர்ப்பாயங்களில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த அறிவிப்பைத்தான். தெலங்கானாவிலோ, தனி மாநிலம் அமைந்த பின்னர் பெரும்பாலான தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி முறையாகத் திருத்தப்படவே இல்லை என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணையாக இருந்தது. கூலி அறிவிப்பு ஓராண்டு தாமதமானால் உயிருள்ளோர்க்கு மட்டுமே நட்டம் என்று நினைத்திருந்தோம். சுடுகாடு வரை அதன் கை நீள்கிறது.

தராசின் வர்க்கத் தன்மைக்கு இன்னும் சில சான்றுகள் வேண்டுமா? 1997 ஜூன் 13 அன்று டில்லி உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் மாண்டனர். இறந்தோர் பால்கனியில், விலை உயர்ந்த இருக்கைகளில் இருந்தவர்கள், ஆகவே மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாத வருவாய் உள்ளவர்களாகவே இருந்திருப்பர் என்று கருதி டில்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டைக் கணக்கிட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த அனுமானத்தை ஏற்கவில்லை. சரிதான். ஆனால் திருத்தம் எந்தத் திசையில் நடந்தது? பெரியவர்களுக்கு 18 லட்சம் 10 லட்சமாகவும், இளையோர்க்கு 15 லட்சம் ஏழரை லட்சமாகவும் இறங்கியது. திரையரங்க முதலாளிகள் மீது விதித்த தண்டனை இழப்பீடு இரண்டரைக் கோடியிலிருந்து 25 லட்சமாகியது.

1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனர் நாள் விழாவில் நேர்ந்த தீ விபத்தில் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். லதா வாத்வா வழக்கு எனப்படும் அதில், 2001இல், இல்லத்தரசிகளின் உழைப்பு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் எண் உண்டு என்று ஒப்புக்கொண்டது அன்று முன்னேற்றமே. பத்து முதல் பதினைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டு 12,000 என்றிருந்த கணக்கை நீதிமன்றம் 24,000 ஆக்கியது. காரணம் என்ன தெரியுமா? ஒவ்வோர் ஊழியரின் குழந்தை ஒன்றுக்கு வேலை தரும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இருந்ததாம். கருகிப்போன குழந்தையின் மதிப்பு, அது வளர்ந்தபின் ஆலைக்குள் போகக்கூடிய வாய்ப்பைக் கொண்டு அளக்கப்பட்டது. நீதிபதிகளைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. குடும்பங்களுக்குக் கூடுதலாகத் தர அவர்களுக்கு வேறு வாசல் இருக்கவில்லை. வாசல் அவ்வளவு குறுகலாகக் கட்டப்பட்டிருக்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒன்று என்று வைத்தது. அதிகாரியின் வீட்டில் சமைத்தால் ஒரு விலை, கூலிக்காரன் வீட்டில் சமைத்தால் வேறொரு விலை. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ரமணா இல்லப் பணியின் மதிப்பைக் குறித்து எழுதியவை நம் மாதர் இயக்கத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டியவை.

எதிர்முனையையும் பார்ப்போம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 1990இல் நடந்த அறுவைச் சிகிச்சையில் ஒரு பொறியியல் மாணவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. 2013இல் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குழந்தை உளவியலாளர் கொல்கத்தாவில் தவறான சிகிச்சையால் இறந்த வழக்கில் ஏறத்தாழ 6 கோடி. இவை மிகை என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். அந்தக் குடும்பங்கள் இழந்தவை உண்மையான இழப்புகள். அதே நாட்டில், அதே சட்டத்தின் கீழ், ஓர் உயிருக்கும் இன்னோர் உயிருக்கும் இடையே நாற்பது மடங்கு வேறுபாடு இயல்பாகக் கருதப்படுகிறதே, அந்த இயல்பைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோர்க்கான நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்க், வருமானத்தைக் கொண்டு கணக்கிட்டு, இரண்டரை லட்சம் டாலர் முதல் எழுபது லட்சம் டாலருக்கு மேல் வரை வழங்கினார். வேலை முடிந்த பிறகு, எல்லா உயிருக்கும் ஒரே தொகை என்றிருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அவர் நம் கட்சிக்காரர் அல்லர்.

கணக்கை அறவே ஒழித்துவிடலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூடாது. அளக்கக்கூடிய இழப்பை முழுமையாக வசூலிக்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு ஓர் ஆயுதம். 2010இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது போல, இடது கையை இழந்த எழுத்தருக்கு வேலை தொடரலாம். தச்சனுக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும். உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, பிழைப்பு இழப்பின் சதவீதம் வேறு. இந்த வேறுபாட்டை எந்தத் தட்டையான கருணைத் தொகையும் காணாது. ஆகவே நம் கோரிக்கை, எவருக்கும் குறையாத ஓர் அடித்தளம். அதன்மேல் உண்மையான இழப்பு முழுவதும்.

கணக்கை ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வழக்காடும் உரிமையை மக்களிடமிருந்து இந்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 330 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்த அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒவ்வொருவரின் இழப்பும் தனித்தனியே அளக்கப்படும் முன்பே மொத்தத் தொகை முடிவாகிவிட்டது. பின்னர் அந்தத் தொகைக்குள் இழப்புகளை அடக்க வேண்டியதாயிற்று. கூடுதல் இழப்பீடு கோரிய சீராய்வு மனுவை 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. இத்தனைக்கும் 1986 டிசம்பரில், டில்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில், அபாயகரத் தொழில் நடத்துவோர்க்கு விதிவிலக்கற்ற முழுப் பொறுப்பு உண்டென்றும், நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிதாக வேண்டுமென்றும் அதே உச்ச நீதிமன்றம் அறிவித்திருந்தது. முதலாளியின் கொள்ளளவைக் கொண்டு அளக்கும் அந்த ஒரே கோல், தேவைப்பட்ட ஒரே இடத்தில் எடுக்கப்படாமல் போயிற்று. 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, மரணத்துக்கு அதில் எழுதப்பட்ட உடனடி நிவாரணம் 25,000 ரூபாய். போபாலுக்குப் பிறகு, ஏழாண்டு யோசித்து எழுதிய எண் அது.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2025 ஜூன் 30 அன்று சங்காரெட்டி மாவட்டம் பாசமைலாரத்தில் சிகாச்சி மருந்துப் பொருள் ஆலை வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகை எழக் காரணம் மக்களின் கொந்தளிப்பும் தொழிற்சங்கங்களின் அழுத்தமும். ஐம்பது பேர் ஒரே நாளில் இறந்தால் ஒரு கோடி. மல்லாபூரில் ஒருவர் தனியே ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தால்? தொலைக்காட்சி வராது, அமைச்சர் வரமாட்டார். ஒப்பந்தக்காரர் வருவார். ஆம்புலன்ஸ் செலவு, விமானத்தில் சடலம் அனுப்பும் செலவு, கையில் சில லட்சம், ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு. மறுநாள் ரயிலில் குடும்பம் ஊர் திரும்பும்.

இந்த இடத்தில் நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். சடலத்தை ஆலை வாயிலில் வைத்துப் போராடி, ஐந்து லட்சத்தைப் பத்து லட்சமாக்கி, வெற்றி என்று துண்டறிக்கை அடித்திருக்கிறோம். அந்தப் போராட்டங்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு என்ன சொன்னது? மரண வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும்; முதலாளி நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்த பணம், சிறிய முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகவே கருதப்படாது. வாயிலில் வாங்கிய பத்து லட்சத்துக்குப் பிறகும் சட்டப்படியான முழுத்தொகையைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கலாம். உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிய தாள் 17ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தக்காரர் ஓடிவிட்டால் 12ஆம் பிரிவின்படி மூல முதலாளி பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, 50 சதவீதம் வரை அபராதம். இவை எத்தனை வாயிற்கூட்டங்களில் பேசப்பட்டன? வெற்றுத்தாளுக்கு முன் நாமும் சாட்சியாக நின்றிருக்கிறோமா என்று ஒவ்வொரு கிளையும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

இஎஸ்ஐ குறித்தும் தெளிவு வேண்டும். இஎஸ்ஐ தரும் சார்ந்தோர் ஓய்வூதியம், கூலியில் 90 சதவீதம் என்ற அளவில், ஏழைக் குடும்பத்துக்குப் பெருந்துணை. அதைப் பாதுகாக்க வேண்டும். ஆனால் இஎஸ்ஐ சட்டத்தின் 53ஆம் பிரிவு, திட்டத்தில் உள்ள தொழிலாளி வேறு சட்டத்தின் கீழ் முதலாளியிடம் இழப்பீடு கேட்பதைத் தடுக்கிறது. 1996இல் ட்ரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. மாதச் சந்தா கட்டிய முதலாளி, பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றி வைத்து எந்திரத்தை ஓடவிட்டாலும் தன் பையிலிருந்து இழப்பீடு தர வேண்டியதில்லை. அலட்சியம் நிரூபிக்கப்பட்டால் இத்தடை விலக வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். அதனுடன் கூலி உச்சவரம்பு நீக்கம், சாலை விபத்துக்குரிய எதிர்கால உயர்வு ஆலை விபத்துக்கும் விரிதல், கூலியை நிரூபிக்கும் சுமை முதலாளி மீதே விழுதல். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த ஆறு மாதக் காலக்கெடுவும் ஒழிய வேண்டும். ஒடிசாவின் ஒரு கிராமத்துக்குத் திரும்பிய விதவை, பதினாறாம் நாள் காரியம் முடித்து, கடன் அடைத்து, ஹைதராபாத்துக்கு வந்து வழக்கறிஞரைத் தேடுவதற்குள் ஆறு மாதம் போய்விடும். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், அங்கே கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் ஏறும். வறியவர் என்று தனி மனுப் போட்டு அதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

அளக்க முடியாத துயரத்துக்கும் சட்டம் ஓர் எண் வைத்திருப்பதைச் சொல்லாமல் விட்டேன். பிரணய் சேத்தி தீர்ப்பின்படி கணவனை இழந்த துணையிழப்புக்கு 40,000 ரூபாய், ஈமச் செலவுக்கு 15,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீத உயர்வு. ஆலை மரணத்துக்கான சட்டத்தில் துணையிழப்பு என்ற தலைப்பே கிடையாது.

சென்ற மாதம் மீண்டும் மல்லாபூர் சென்றேன். கேள்வி கேட்ட இளைஞரைத் தேடிக் கணக்கை இந்தியில் எழுதிய தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு மாதமும் கையில் கொடுத்த பணத்தையும் தேதியையும் தாமே குறித்து வைத்திருந்ததைக் காட்டினார். சில மாதங்களுக்கு யுபிஐ பதிவும் இருந்தது. இது சான்றாகுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். அறையில் உடன் தங்கியிருந்த ஒன்பது பேரும் அன்றிரவே எழுதத் தொடங்கினர்.